கர்னல் கோல்வினுக்குக் கிடைத்த ஒரு வாக்கு

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒரு முறை எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில், பொய்யாக.

கனடாவில் எங்கள் லோடர்வில் ஊருக்கு இருநூறு வயதானபோது ஒரு சிறப்பு மலர் வெளியிட்டார்கள். நீதிமன்றப் பதிவறையில் இருபத்தாறு வருடம் பழைய காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களைப் புரட்டியவள் என்பதால் லெவரெட் கோல்வினைப் பற்றி எழுதும் வேலை எனக்கு வந்தது. வழக்கறிஞர், குடிப்படைக் கர்னல், சட்டசபை உறுப்பினர். 1810இல் பிறந்து 1879இல் இறந்தவர். ஏரிக்கரை வீதிக்கு அவருடைய பெயர்தான். எழுதிக் கொடுத்தேன். மலர் வெளிவந்த வாரம், குழுத்தலைவி டோரத்தி ஸ்வேஸி என்னைத் தபால் கந்தோரில் பிடித்துக்கொண்டார்.

"உங்கடை பக்கம்தான் எல்லாருக்கும் பிடிச்சது. ஒருத்தரும் ஒரு குறை சொல்லேல்லை."

"ஒருத்தருமோ?"

"கோல்வின் குடும்பத்து ஆக்கள் இன்னும் பத்துப் பிரதி கேட்டிருக்கினம்."

அன்றுதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. வழக்காடியவர், துப்பாக்கி தூக்கியவர், தேர்தலில் நின்றவர். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் எதிராளி இருந்தே ஆகவேண்டும். அப்படிப்பட்டவரைப் பற்றி இத்தனை காலம் கழித்தும் யாரும் முணுமுணுக்கவில்லை என்றால், ஒன்றில் அவர் மகான், அல்லது யாரோ நன்றாகக் கூட்டிப் பெருக்கியிருக்கிறார்கள். விளக்குமாறு பிடித்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆகவே இரண்டாம் முறை, தமிழில் எழுதுகிறேன். அவருடைய வம்சத்தில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

(இந்தக் கதையில் வருபவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்குக் கேட்பதென்னவோ என் ஊர்ப் பேச்சில்தான். அதைத் திருத்தப் பார்த்தேன். எல்லாரும் வானொலியில் செய்தி வாசிப்பவர்கள்போல ஆகிவிட்டார்கள். விட்டுவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "1837ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஈரி ஏரியின் வடகரையில் பனி முழங்காலளவு கொட்டிக்கிடந்த ஒரு —"

இல்லை. அந்த வாரம் இங்கே பனியே இல்லை, வெறும் சேறு. கனடா என்றால் நீங்கள் பனியை எதிர்பார்ப்பீர்கள் என்பதற்காக எழுதிய வரி இது.

இரண்டாம் தொடக்கம்: "லெவரெட் கோல்வின் கெட்டவர் அல்ல."

ஒருவரை இப்படி அறிமுகப்படுத்தினால் அவரைப் பாதி தூக்கில் போட்டாகிவிட்டது. அடித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "கெசையா டாரல் அவரை ஒருநாளும் நம்பவில்லை."

இது நிற்கட்டும்.

என்னிடம் இருப்பவை இரண்டு ஆதாரங்கள். ஒன்று, கோல்வின் தன் கடைசிக் காலத்தில் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்த வாழ்க்கை வரலாறு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மற்றது, கெசையா தன் எழுபத்து நான்காவது வயதில் சொல்லச்சொல்ல, மெதடிஸ்ட் போதகரின் மகள் எழுதிவைத்த பள்ளிக்கூடக் கொப்பி, பதினாறு பக்கம். முதலாவதை எழுதியவர் வழக்கறிஞர். இரண்டாவதைச் சொன்னவளுக்கு நாற்பது வருட மனக்குறை. எழுதியவளோ நாவல் வாசிக்கும் பத்தொன்பது வயதுப் பெண். யாரை நம்புவது? என்னையும் சேர்த்துக்கொண்டு நீங்கள் சந்தேகப்படலாம்.

3

கெசையாவின் கணவர் ஜாபெஸ் டாரல் பீப்பாய் செய்பவர். ஆலையில் அரைத்த மாவு அவருடைய பீப்பாய்களில்தான் ஏரி தாண்டிப் போனது. கோல்வின் இரண்டு காணி தள்ளிக் குடியிருந்த இளம் வழக்கறிஞர். அப்போது வயது இருபத்தேழு. இருவரும் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள்.

அந்த மார்கழியில் விவசாயிகளுக்குப் பொறுமை போயிருந்தது. நல்ல நிலமும் நல்ல உத்தியோகமும் ஆளுநரைச் சுற்றியிருந்த சில குடும்பங்களுக்கே போய்க்கொண்டிருந்தன. டொரான்டோவில் கிளர்ச்சி என்று செய்தி வந்ததும், ஒரு செவ்வாய்க்கிழமை லோடர்வில் பள்ளிக்கூடத்தில் கூடி, நாமும் ஆயுதத்தோடு புறப்படுவோம் என்று முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். வாசகத்தை எழுதியவர் கோல்வின். அவருடைய கையெழுத்து மூன்றாவது. கடுதாசி ஜாபெஸின் பொறுப்பில் இருந்தது.

வெள்ளிக்கிழமை வேறு செய்தி வந்தது. டொரான்டோவில் எல்லாம் முடிந்துவிட்டது, கிளர்ச்சியில் சேர்ந்தவர்களைப் பிடிக்கிறார்கள். அன்று பிற்பகல் கோல்வின், ஊராரைத் திரட்டிய அரசாங்கக் குடிப்படையின் கப்டனாக, இடுப்பில் சிவப்புப் பட்டி கட்டி, பன்னிரண்டு பேரோடு டாரல் வீட்டு வாசலில் நின்றார். கெசையா பன்றிக்கொழுப்பு உருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜாபெஸ் உள்ளையோ?"

"உங்களுக்குத் தெரியாததோ? செவ்வாய்க்கிழமை இஞ்சை இருந்துதானே சாப்பிட்டனீங்கள்?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். கோல்வின் திரும்பவில்லை. "நீங்கள் போய்க் கொட்டிலைப் பாருங்கோ," என்றார். "பொம்பிளை இருக்கிற வீடு. உள்ளை நான் பாக்கிறன்."

இதைத் தன் நூலில் கண்ணியம் என்கிறார். இருக்கலாம். தனியாகத் தேடினார். மாவுப் பீப்பாய்க்கு அடியில் கடுதாசி அகப்பட்டது. அதை விரித்து, மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு, கெசையாவின் அடுப்புக்குள் வைத்தார்.

"முப்பத்தொரு பேர் தப்பிச்சினம், கெசையா."

"அதிலை மூண்டாவது பேர் உங்கடை."

"ஓம்," என்றார் கோல்வின்.

அதற்குள் வெளியே கூச்சல். கொட்டிலில் ஆறு ஈட்டிக்கம்புகள், புதிதாகச் சீவியவை. அங்கேயே நின்ற ஜாபெஸையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"இவங்கள் கண்டிட்டாங்கள்," என்றார் கோல்வின். "இனி என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது."

"இவங்களைக் கொட்டிலுக்கை அனுப்பினது ஆர்?" என்று ஜாபெஸ் கேட்டார். "நீர்தானே?"

கோல்வின் கயிற்றை எடுத்தார். ஜாபெஸின் கைகளைத் தானே கட்டினார். தளர்வாகக் கட்டினார் என்கிறது கொப்பி.

[தளர்வாக. நோகக்கூடாது என்றா? அல்லது ஜாபெஸ் அவிழ்த்துக்கொண்டு ஓடவேண்டும், ஓடினால் பன்னிரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன என்றா? இந்த வரியை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தும் அழிக்கவில்லை.]

4

அடுத்த காட்சிக்குச் சாட்சி கிடையாது. ஏப்ரல் மாதம், மாவட்டச் சிறை. உள்ளே இருவர்தான். ஜாபெஸின் வழக்கறிஞராக வந்திருந்தவர் — ஆம், அவரேதான். பிடித்தவரே வாதாடவும் வந்தார். ஊரில் வேறு வழக்கறிஞர் இல்லை என்கிறது நூல். பதிவறையில் பார்த்தேன். இருந்தார்கள், இரண்டு பேர்.

அந்த வசந்தத்தில் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. விசாரணைக்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை கேட்டு மனுக் கொடுக்கலாம். கொடுத்தால் தூக்கிலிருந்து தப்பலாம். விசாரணையும் இருக்காது. கூண்டில் ஏறி யார் பெயரையும் சொல்லும் வாய்ப்பும் இருக்காது.

"இதிலை கையெழுத்து வையும்," என்றார் கோல்வின்.

"நான் கோர்ட்டிலை நிண்டு கதைக்க விருப்பம்."

"டொரான்டோவிலை ரெண்டு பேரைத் தூக்கிலை போட்டது உமக்குத் தெரியும்தானே? கதைச்சுக் கழுத்தைக் குடுக்கப் போறீரோ?"

"வைச்சா?"

"புல்லு வெட்டுற காலத்துக்கு முன்னம் வீட்டை நிப்பீர்."

ஜாபெஸ் மனுவை நீண்ட நேரம் பார்த்தார். "உம்மடை பேரைச் சொல்லிப்போடுவன் எண்டு பயமோ, லெவரெட்?"

இதற்குக் கோல்வின் என்ன சொன்னார்? முதலில் "பயமில்லை" என்று எழுதினேன். அது பொய்யன் பேசும் பேச்சு. பிறகு "பயம்தான்" என்று எழுதினேன். அது மேடையில் பேசும் பேச்சு. இப்போது இப்படி வைத்திருக்கிறேன்:

"எனக்கு எல்லாத்துக்கும்தான் பயம்," என்றார் கோல்வின். "நீர் கையெழுத்தை வையும்."

ஜாபெஸ் வைத்தார். புல் வெட்டும் காலத்தில், ஜூலையில், தீர்ப்பு வந்தது. வான் டீமன்ஸ் லாண்டுக்குப் பதினான்கு வருட நாடுகடத்தல். இன்று அதை டாஸ்மேனியா என்கிறோம். பூமியில் இதைவிடத் தூரமாக அனுப்ப இடமில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்க நூலில் இந்த விவகாரத்துக்குக் கிடைத்தது ஒரே வசனம்: "நெருக்கடியான காலத்தில் பழைய அயலவர் ஒருவருக்கு என்னால் உதவ முடிந்தது." பெயர்கூட இல்லை.

5

இனி வரும் ஒன்பது வருடங்களில் கோல்வின் மேலே மேலே போகிறார். கப்டன் மேஜராகிறார், மேஜர் கர்னலாகிறார். ஆளுநர் பக்கத்து ஆளாகச் சட்டசபைக்குப் போகிறார். எனக்குச் சிரமம் கொடுப்பது இந்த ஏற்றம் அல்ல. அதே காலத்தில் அவர் டாரல் வீட்டுக்குச் செய்தவை.

ராஜத்துரோகியின் நிலம் அரசுக்குப் போகும் என்பது சட்டம். இரண்டே வாரத்தில் கோல்வின் ஒரு பழைய உறுதியைத் தோண்டி எடுத்தார். அந்தக் காணி ஜாபெஸின் தகப்பனார் பெயரிலிருந்து மாறவே இல்லை. ஆகவே பறிப்பதற்கு ஜாபெஸிடம் ஒன்றுமில்லை. அந்த உறுதியை என் கையால் தொட்டிருக்கிறேன். கெட்டிக்கார வேலை. காணி தப்பியது. கெசையாவும் இரண்டு மகள்களும் தப்பினார்கள்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மாவும் அரைப் பன்றியும் வரும். உழவுக்கு ஆள் வரும். மூன்றாம் வருடம், அவரே வண்டியோடு வந்த நாளில், கெசையா கேட்டுவிட்டாள்.

"இதெல்லாம் உதவியோ, என்ரை வாயைப் பூட்டவோ?"

கோல்வின் மூட்டையை இறக்கி வைத்தார். "உமக்கு எப்பிடி வேணுமோ அப்பிடி நினையும். ரெண்டுக்கும் இதே மாவுதான்."

"நான் வேண்டாம் எண்டு சொன்னா?"

"பிள்ளையளுக்குச் சொல்லும், ஏன் வேண்டாமெண்டு."

அவள் மாவை எடுத்துக்கொண்டாள். "எடுக்கிறன். ஆனா உங்களை நம்பேல்லை," என்றாள்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

(இந்த இடத்தில் ஒரு காதலைச் செருகலாம். கணவன் தூரத்தில், மனைவி இங்கே, குற்ற உணர்ச்சியோடு ஒரு வழக்கறிஞர். இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். கெசையா ஒரு வசனமும் பேச மறுத்தாள். கிழித்துவிட்டேன்.)

கெசையா அறியாத ஒன்று எனக்குத் தெரியும். ஜாபெஸை மன்னிக்கும்படி கோல்வின் பதினொரு மனுக்கள் எழுதினார்; அதுவரை அவளுக்கும் தெரியும், அவரே வாசித்துக் காட்டியிருக்கிறார். பதினொன்றின் நகலும் அவருடைய கையெழுத்தில் பதிவறைப் பெட்டி ஒன்றில் இருக்கின்றன. முதலாவது 1839. ஆளுநர் அலுவலகத்தின் பதிலும் அதே பெட்டியில் இருக்கிறது, 1843. அது இப்படித் தொடங்குகிறது: "இவ்விடயமாகத் தங்களிடமிருந்து கிடைத்த முதலாவது மனு..."

முதலாவது. அந்தத் தேதிக்குள் அவர் ஏழு எழுதியிருந்தார். தபால் தொலைந்ததா? எழுத்தர் கவனக்குறைவா? அல்லது எழுதி, நகல் எடுத்து, கெசையாவிடம் வாசித்தும் காட்டிவிட்டு, அனுப்பாமல் வைத்துக்கொண்டாரா? நான்கு வருடம். அங்கே டாஸ்மேனியாவில் கைதியாகக் கல்லுடைக்கிற மனிதனுக்கு நான்கு வருடம்.

அன்று பதிவறையில் இருந்து எழும்பி வெளியே போய் நின்றேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது.

6

மன்னிப்பு வந்தது. திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் வேலை செய்து, அமெரிக்கக் கரையில் இறங்கி, நடந்து, 1847 அக்டோபரில் ஜாபெஸ் வீடு வந்தார். பல் பாதி இல்லை. பேச்சு அதைவிடக் குறைவு. மகள்கள் அவரைத் தகப்பன் முறையில் "ஐயா" என்று கூப்பிட ஒரு வாரம் எடுத்தது.

மூன்றாம் நாள் கோல்வின் வந்தார். ஜாபெஸ் கொட்டிலில் பலகை சீவிக்கொண்டிருந்தார். கோல்வின் உள்ளே போனார், கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரம். கெசையா முற்றத்தில் துணி காயப்போட்டபடி நின்றாள். அவளுக்குக் கேட்டது சீவுளிச் சத்தம் மட்டும்தான். ஒரே ஒரு தடவை நின்றது. பிறகு தொடங்கியது.

கோல்வின் வெளியே வந்தபோது இரண்டு முழங்காலிலும் மரச்சுருள் ஒட்டியிருந்ததாம்.

முழங்காலிட்டாரா? அந்தக் கொட்டிலில் இருந்தது ஒரே முக்காலி. நிலத்தில் குந்தியிருந்து, முழங்கால் ஊன்றி எழும்பினாலும் சுருள் ஒட்டும். கெசையா உண்மையில் கண்டாளா, நாற்பது வருடத்தில் அவள் மனம் ஒட்டியதா? உள்ளே நடந்த பேச்சை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் என் குரல்தான் கேட்டது. அந்த மணி நேரத்தை வெறுமையாகவே விடுகிறேன்:

[                    ]

இரண்டு வாரத்தில் காணி ஜாபெஸின் பெயருக்கு மாற்றிப் பதியப்பட்டது. செய்து கொடுத்தவர் கோல்வின். காணி இருந்தால் தேர்தலில் வாக்கு உண்டு. தேர்தல் ஜனவரியில்.

7

எதிர்த்து நின்றவர் சீர்திருத்தக் கட்சியின் ஹாரிஸ் வெதர்பி, ஆலைக்காரர். பழைய கிளர்ச்சிக்காரர் எல்லாரும் அந்தப் பக்கம்தான். அவருடைய ஆட்கள் ஜாபெஸைத் தேடி வந்தார்கள்.

"மேடையிலை ஏறி ஒரு வசனம் சொன்னாப் போதும், டாரல்."

"என்ன வசனம்?"

"செவ்வாய்க்கிழமை எங்களோடை, வெள்ளிக்கிழமை அவங்களோடை. அவ்வளவுதான். மனுசன் அதோடை சரி."

"யோசிக்கிறன்," என்றார் ஜாபெஸ்.

அந்தக் காலத்தில் இரகசிய வாக்கு இல்லை. ஆலைக்கு முன்னால் பலகை மேடை. வேட்பாளர் இருவரும் மேலே நிற்க, வாக்காளன் ஏறி, ஊர் முழுவதும் கேட்க ஒரு பெயரைச் சொல்லவேண்டும். பெயர் விழுந்தவர் தொப்பியை எடுத்து நன்றி சொல்வது வழக்கம். நமக்கு வாக்கு என்றால் ஓட்டும் அதுதான், சொல்லும் அதுதான், கொடுத்த உறுதியும் அதுதான். ஆங்கிலத்தில் எழுதிய என் ஒரு பக்கத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் நண்பகல் கோல்வின் ஐந்து வாக்குப் பின்னால் நின்றார். இப்போது பனி உண்மையாகவே கொட்டியிருந்தது. ஜாபெஸ் படியேறியபோது கூட்டம் கலகலத்தது.

"ஏய் பீப்பாய்! கங்காரு எல்லாம் சுகமோ?"

"பல்லைக் கப்பலுக்குக் கூலியாக் குடுத்திட்டியோ?"

"சும்மா விடடா, அந்தாள் கதைக்கட்டும்!"

கோல்வினின் தேர்தல் முகவர் கையை உயர்த்தினார். "இந்தாள் நாடுகடத்தின ஆள். இவருக்கு ஏது வோட்டு?"

அப்போது பேசியது கோல்வின். "விடுங்கோ," என்றார். "மன்னிப்புக் கடுதாசி இருக்கு. காணி இருக்கு. வோட்டும் இருக்கு."

முகவர் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பேர்?" என்றார் தேர்தல் அதிகாரி.

"ஜாபெஸ் டாரல்."

"ஆருக்கு?"

ஜாபெஸ் கூட்டத்தைப் பார்த்தார். அங்கே பள்ளிக்கூடத்தில் கையெழுத்திட்டவர்களில் பதினாறு பேர் இன்னும் வாக்குப் போடாமல் நின்றார்கள். இவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பதற்காகவே நின்றார்கள். வெதர்பி சிரித்தபடி தொப்பியில் கைவைத்துத் தயாராக இருந்தார். கெசையா சறுக்கு வண்டியில் எழுந்து நின்றாள்.

"கோல்வினுக்கு," என்றார் ஜாபெஸ்.

 கூட்டத்தில் ஒருவன், "என்னது?" என்று கத்தினான். அதிகாரி திரும்பக் கேட்டார். ஜாபெஸ் திரும்பவும் சொன்னார். கோல்வின் தொப்பியை எடுத்தார். வாய் திறந்தது. நன்றி வரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி, தலையில் பனி விழ, அப்படியே நின்றார். ஜாபெஸ் அவரைக் கடந்து, படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு, பதினாறு பேரில் பதினொருவர் ஏறி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கோல்வின் பெயரைச் சொன்னார்கள். மற்ற ஐவர் வெதர்பிக்கே போட்டார்கள். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் கோல்வின் வென்றார்.

8

வீடு திரும்பும் வழி. குதிரை தானாகவே போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் கெசையா. "ஒம்பது வருசம் நான் அந்தாளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தனான். நீங்கள் வந்து ஒரு சொல்லிலை என்னை விசரியாக்கிப் போட்டியள். ஏன்?"

 ஜாபெஸ் சொன்னது, கொப்பியில் உள்ளபடி:

"அங்கை அவன்ரை பேரை நான் ஒருநாளும் வாயாலை சொன்னதில்லை. பல்லுக்கை இறுக்கி வைச்சிருந்த பேர். இண்டைக்கு வாயைத் திறந்தன், அதுதான் விழுந்தது."

நன்றாக இருக்கிறது, இல்லையா? அதனால்தான் நான் நம்பவில்லை. பீப்பாய்காரர் இப்படிப் பேசுவாரா, போதகரின் மகள் மெருகேற்றினாளா? வேறு காரணங்கள் என்னிடம் இருக்கின்றன. கொட்டிலில் ஏதோ உறுதி கொடுத்திருக்கலாம். காணிக்கும் மகள்கள் பசியில்லாமல் வளர்ந்ததற்கும் ஈடாக இருக்கலாம். உண்மையிலேயே மன்னித்திருக்கலாம்; அப்படியும் மனிதர்கள் உண்டு, நான் அதிகம் கண்டதில்லை. அல்லது, தோற்கடித்தால் அந்த ஆள் ஒரு நாள் வருந்துவான், ஜெயிக்க வைத்தால் —

இந்த வசனத்தை முடிக்காமல் விடுகிறேன். முடித்தால் ஜாபெஸை நான் கெட்டவராக்கிவிடுவேன்.

கெசையாவும் நம்பவில்லை. மார்ச்சில் மேப்பிள் சாறு காய்ச்சும் வரை அவள் அவரோடு கதைக்கவில்லை.

9

இங்கிருந்து கதை கோல்வினுடையது. சந்தேகம் இடம் மாறிவிட்டது.

வென்ற மாதத்திலிருந்தே அவர் டாரல் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மாவு இல்லை, பன்றி இல்லை. வெறும் கையோடு வருவார், கொட்டில் வாசலில் நிற்பார்.

"நீர் ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"நீங்கள் வெல்லவேணும் எண்டுதான், கர்னல்."

"என்னை லெவரெட் எண்டு கூப்பிடும்."

"ஏலாது, கர்னல்."

(ஆங்கிலத்தில் 'நீர்', 'நீங்கள்' என்ற வித்தியாசம் இல்லை. கொப்பியில் இருப்பது "இப்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை" என்பது மட்டும். மிச்சத்தை நம் மொழி போட்டுக்கொண்டது.)

சட்டசபையில் கோல்வின் பேச எழும்பினால், எதிர்ப்பக்கத்தில் யாராவது இருமினாலும் நிறுத்திவிடுவார். ஊரில் ஒருவர் வணக்கம் சொன்னால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, ஏன் எனக்குப் போட்டாய் என்று கேட்டிருக்கிறார். ஒருவர், "ஜாபெஸ் போட்டவர், நானும் போட்டன்" என்றாராம். இன்னொருவர் சிரித்தாராம், அவ்வளவுதான். குடிப்படை அணிவகுப்பில் தன் முதுகுக்குப் பின்னால் யாரையும் நிற்க விடமாட்டார் என்று கெசையா சொல்கிறாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

ஒரு நாள் கெசையாவிடமே கேட்டார். "உமக்கு எண்டாலும் சொன்னவரோ?"

"சொன்னவர். நான் நம்பேல்லை."

"என்ன சொன்னவர்?"

"உங்களுக்கு ஏன்? நீங்களும் நம்பமாட்டியள்."

அப்போது அவர் முகத்தைப் பார்க்கத் தனக்குப் பாவமாக இருந்தது என்று எழுபத்து நான்கு வயதில் ஒப்புக்கொள்கிறாள். பதினாறு பக்கத்தில் அவள் அவருக்காக இரங்கும் இடம் அது ஒன்றுதான். போய்ச் சேராத அந்த ஏழு மனுக்களைப் பற்றித் தெரிந்திருந்தால் இரங்கியிருப்பாளா? இதைக் கேட்க அவள் இல்லை, உங்களைக் கேட்கிறேன்.

10

1851, நவம்பர் கடைசி. அடுத்த தேர்தலுக்குப் பெயர் கொடுக்கும் நாளுக்கு முதல் நாள். மழை. கோல்வின் குதிரையில் வந்து, டாரல் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கினார். ஜாபெஸ் வேலிக் கதவான படலையில் சாய்ந்து நின்றார். கெசையா கிணற்றடியில், ஆறு பாகம், முப்பத்தாறு அடி, தள்ளி.

"நாளைக்குப் பேர் குடுக்கப் போறன்," என்றார் கோல்வின்.

"நல்லது, கர்னல்."

"ஒண்டு கேக்கிறன். ஏன் எண்டு இனிக் கேக்கமாட்டன். இந்த முறையும் எனக்குத்தானோ?"

ஜாபெஸ் ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னார்.

கெசையாவுக்கு அது கேட்டது. சொன்னாள். போதகரின் மகள் எழுதினாள். கொப்பியின் பதினாறாம் பக்கத்தில் அது இருக்கிறது, நான் வாசித்தேன். கோல்வின் அதைக் கேட்டு, படலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மழைக்குள் நெடுநேரம் நின்றார். பிறகு குதிரையில் ஏறாமல் அதை நடத்திக்கொண்டே போனார். மறுநாள் பெயர் கொடுக்கவில்லை. உடல்நிலை என்கிறது அவருடைய நூல். அதன் பிறகு இருபத்தெட்டு வருடம் திடமாக வாழ்ந்தார். ஒரு தேர்தலிலும் நிற்கவில்லை, ஒரு தேர்தலிலும் வாக்களிக்கவும் இல்லை.

அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை. 'இல்லை' என்று எழுதினால், மிரட்டினார் அதனால் விலகினார் என்று நீங்கள் கதையை மூடிவிடுவீர்கள். 'ஓம்' என்று எழுதினால் இன்னும் மோசம்: நல்ல மனிதர் என்று சொல்லி இருவரையும் மன்னித்துவிட்டுத் தூங்கப் போவீர்கள். இரண்டு சொல்லில் எதுவாக இருந்தாலும் கோல்வினால் அந்தப் படலையடியில் நின்று அதைத் தாங்கியிருக்க முடியாது. அது மட்டும் எனக்கு நிச்சயம்.

இடம் விட்டிருக்கிறேன். மழை பெய்கிறது. படலைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பேனா உங்களிடம் இருக்கும்.

"                    ," என்றார் ஜாபெஸ்.